உங்களுக்குத் தெரியுமா? மீட்டர் சொல்வதெல்லாம் உண்மையல்ல!

நிலையான மின்னோட்டம் தரும் எளிய சுற்று ஒன்று: ஓர் ஆப்-ஆம்ப், ஒரு மாஸ்ஃபெட், அதன் சோர்ஸில் 1 ஓம் மின்தடை. உள்ளீட்டில் 1 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர் நிலையாக ஓட வேண்டும். மல்டிமீட்டரும் அப்படியே காட்டும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம். மீட்டர் காட்டியது வெறும் சராசரி.

குற்றவாளி பெரும்பாலும் மாஸ்ஃபெட்டின் கேட்தான். அது ஒரு மின்தேக்கிபோல நடந்துகொள்ளும். ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டில் சுமார் 1,500 பிகோஃபாரட். அதை நிரப்பி வடிப்பதற்குள் ஆப்-ஆம்ப் திணறுகிறது, பின்னூட்டம் பிந்துகிறது, சுற்று அலையியற்றியாகிவிடுகிறது. மருந்து மலிவு: கேட்டுக்குத் தொடராக 100 ஓம், சோர்ஸுக்கும் ஆப்-ஆம்ப்பின் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவே 10 கிலோஓம், அந்த உள்ளீட்டுக்கும் ஆப்-ஆம்ப் வெளியீட்டுக்கும் இடையே 1 நானோஃபாரட். (10 கிலோஓமை விட்டுவிட்டு மின்தேக்கியை மட்டும் போட்டால் பயனில்லை.)

மின்னோட்டமே வரவில்லையா? 5 வோல்ட்டில் இயங்கும் எல்எம்358-இன் வெளியீடு ஏறத்தாழ 3.5 வோல்ட்டோடு நின்றுவிடும். இந்த மாஸ்ஃபெட்டோ திறக்கத் தொடங்கவே 2 முதல் 4 வோல்ட் கேட்கும்; மின்தடையில் விழும் 1 வோல்ட் தனி. ஆப்-ஆம்ப்புக்கு 12 வோல்ட் கொடுங்கள், அல்லது லாஜிக்-லெவல் மாஸ்ஃபெட்டை மாட்டுங்கள்.