பத்தாய அறையும் களத்துமேடும்

வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க விரும்பும் இசைக்கலைஞர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது ஒலிவாங்கியின், அதாவது மைக்கின் விலையைத்தான். ஆனால் பதிவின் தரத்தை முதலில் தீர்மானிப்பது மைக் அன்று, அது நிற்கும் இடமே. கையிருப்பு குறைவாக உள்ளவருக்கு இது நல்ல செய்தி. ஏனெனில், கருவியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இடத்தையோ, குறிப்பாகத் தஞ்சாவூரைச் சுற்றியுள்ள காவிரிப் படுகையில், வீட்டுக்குள்ளும் வயலோரத்திலும் தேடிக் கண்டுகொள்ள முடியும்.

இப்படுகையின் இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் இடையிலான உறவு நீண்டது; எனினும் அது பெரும்பாலும் பயணத்தை வேண்டிய உறவாகவே இருந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான இசையைத்தான் தாங்கும் என்பதால், நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் விரித்து வாசித்த தோடி ராகம், தட்டில் ஏறியபோது ஒரு சிறு துண்டாகச் சுருங்க வேண்டியிருந்தது. 1939-இல் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கப்பட்ட பிறகு, படுகைக் கலைஞர்களுக்கு நல்ல ஒலிப்பதிவு அறை ஓரளவு அருகில் வந்தது. அந்நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு உழவர்கள் பயிரிட்ட ஆடுதுறை 27 என்னும் நெல் வகைக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கியது என்பது, ஒலியின் செல்வாக்கு இப்பகுதியில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று. வீட்டோடு சேர்ந்த கூடம் என்னும் எண்ணத்துக்குத் தமிழகத்தில் நன்கறியப்பட்ட முன்னோடி, ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்துத் தம் வீட்டை ஒட்டி அமைத்த ‘பஞ்சதன்’ கூடம். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை அதற்குப் பின் வந்ததுதான். அன்று அத்தகைய கூடத்துக்குப் பெருஞ்செலவு பிடித்தது. இன்று ஒரு மடிக்கணினி அந்த வேலைகளில் பெரும்பங்கைச் செய்துவிடுகிறது.

இடத்தைத் தேர்வதில் இரண்டு வேறுபட்ட சிக்கல்கள் உள்ளன. பலர் அவற்றை ஒன்றென எண்ணிக் காசை வீணாக்குகின்றனர். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முழங்காமல் அடக்குவது மற்றொன்று. முன்னதற்குத் தேவை கனம்: செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய வீடுகளின் தடித்த சுவர், இடைவெளி இல்லாமல் பொருந்தும் கதவு. பின்னதற்குத் தேவை, காற்று நுழைந்து அலைக்கழியக்கூடிய மென்மையான, நுண்துளை மிகுந்த பொருள். ஒலியலை அப்பொருளின் இழைகளுக்கிடையே உராய்ந்து சிறிதளவு வெப்பமாக மாறி அடங்கிவிடும். மெத்தை முழக்கத்தை அடக்குமேயன்றித் தெருவில் போகும் டிராக்டரின் இரைச்சலைத் தடுக்காது.

மெத்தை முழக்கத்தை அடக்கும் என்னும் இந்த உண்மையை அளந்து காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அரங்கில் பேச்சு விளங்கவில்லை என்ற குறையைத் தீர்க்கும் பொறுப்பு 1895-இல் அவரிடம் வந்தது. அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் முழக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அவர் அளந்தார். வெற்று அரங்கில் ஏறத்தாழ 5.5 விநாடிகள் நீடித்த முழக்கம், மெத்தைகள் கூடக் கூடச் சுருங்கியது. ஒலியடக்கும் அறிவியலின் அடிப்படையே மெத்தைதான் என்றால், இலவம்பஞ்சு மெத்தையும் கம்பளியும் பழைய சாக்கும் உள்ள எந்த வீடும் அதற்குத் தகுதியானதே. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவு என்பதால், மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கயிற்றில் தொங்கவிட்டால், அதே மெத்தை இன்னும் தாழ்ந்த சுருதிகளையும் அடக்கும். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டும் வழக்கத்தால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. அந்த அட்டை மெல்லியது, எளிதில் தீப்பற்றக்கூடியதும் கூட.

இவ்வகையில் படுகையின் பழைய வீடுகளில் குரலுக்கும் வீணைக்கும் மிகப் பொருத்தமான இடம், நெல் சேமிக்கும் மரப்பெட்டியான பத்தாயம் இருக்கும் உள்ளறை. அதற்குத் தெருப்பக்கச் சன்னல் இருப்பதில்லை. அடுக்கிய நெல் மூட்டைகளின் மேடுபள்ளங்கள் ஒலியைப் பல திசைகளிலும் சிதறடிக்கின்றன. சாக்கு ஒரு பகுதியை உறிஞ்சுகிறது. நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக உள்ள கனசதுர அறையில் ஒரே தாழ்ந்த சுருதி மூன்று திசையிலும் பெருகி முழங்கும் என்பதால், நீண்ட அறையே மேல். 10 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 56 அதிர்வுகள் கொண்ட ஒலி இவ்வாறு பெருகும்.

கருவிகளுக்கு வந்தால், தேவைப்படுபவை சில மட்டுமே. காந்தத்துக்குள் அசையும் கம்பிச்சுருளால் இயங்கும் டைனமிக் மைக் முரடானது, ஈரத்தையும் உரத்த ஒலியையும் தாங்கும். 48 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து இயக்கப்படும் கண்டன்சர் மைக் நுட்பமான ஒலியையும் பிடிக்கும், ஆனால் ஐப்பசி அடைமழையின் ஈரக்காற்றில் அதனைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்துக் காக்க வேண்டும். மைக்கின் மின்னலையைக் கணினிக்குரிய எண்களாக மாற்றும் சிறு பெட்டிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். இரண்டு மைக் செருகக்கூடிய ஒன்று பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கிறது. காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால், ஒலிபெருக்கி வாங்குவதைத் தள்ளிப் போடலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. விநாடிக்கு 48,000 முறை, ஒவ்வொரு முறையும் 24 பிட் நுட்பத்துடன் அளந்து பதிந்தாலும், ஒரு மைக்கின் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் இடமே பிடிக்கும். மூன்று நிமிடத்துக்குள் தோடியை வெட்ட வேண்டிய கட்டாயம் இனி எவருக்கும் இல்லை.

வீணையைப் பதிவு செய்யும்போது மைக்கைக் குடத்தின் மேற்பலகையை நோக்கி ஒரு முழத் தொலைவில் வைத்தால் நாதம் நிறைவாக விழும்; மிக நெருங்கினால் மெட்டின்மேல் விரல் உராயும் ஓசையே மேலோங்கும். வீணையின் ஒலி மென்மையானது என்பதால் மின்விசிறியும் இன்வெர்ட்டரும் நிற்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிட்டு பேட்டரியில் இயக்கினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘உம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் மறைந்துவிடும்.

நாகசுரத்துக்கு இந்தக் கணக்கு முற்றிலும் மாறுகிறது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. திறந்த வீதிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் உரிய அதன் வீச்சைச் சிற்றறைக்குள் அடைத்தால், எத்தனை மெத்தை தொங்கவிட்டாலும் சுவர்கள் அதிரும். சுவரே இல்லாத இடம்தான் அதற்கு ஏற்ற கூடம். சம்பா அறுவடை முடிந்து வெறிச்சோடிய களத்துமேட்டில் வைக்கோலைப் பரப்பி, தரையிலிருந்து திரும்பும் ஒலியை மட்டும் அடக்கிவிட்டால், எதிரொலி இல்லாத நாதம் கிடைக்கும். தொலைவு இருமடங்காகும்போது ஒலி 6 டெசிபல் குறையும் என்பது திறந்தவெளிக்குரிய விதி. ஆகவே மைக்கை ஏழெட்டு அடி தள்ளி, விரிந்த கீழ்முனையாகிய அணசுக்கு நேரே வைக்காமல் சற்றே விலக்கி நிறுத்தலாம், ஏனெனில் விரல் துளைகளின் வழியாகவும் ஒலி வெளிப்படுகிறது. உடன் வாசிக்கும் தவில்காரரை வேறிடத்தில் தனியே பதிவு செய்து பின்னர் ஒட்டுவது தவறான சிக்கனம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசிப்பதில்தான் அந்த இசையின் உயிர் இருக்கிறது. இரண்டாவது மைக் தவிலுக்கு. கூடு அணிந்த விரல்கள் வலந்தலையில் விழும் சொற்கள் நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் பாய்வதால், பதிவுமானியின் முள் உச்சவரம்புக்கு 12 டெசிபல் கீழேயே நிற்குமாறு அளவைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது அவசியம்.

எஞ்சியது காலம். சம்பா நடவு முடிந்த நாட்களில் இரவு முழுதும் தவளைகளின் கச்சேரி வயலை நிறைக்கும். குறுவை அறுவடையில் இயந்திரங்கள் இரையும். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கிகள் எழும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டுத் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னுள்ள கோடைநாட்களே வயல்வெளி அடங்கியிருக்கும் பருவம். அப்போதும் காற்று எழுமுன், விடியற்காலையில் மைக்குக்குப் பஞ்சுறை மாட்டி வாசித்து முடித்துவிட வேண்டும். இடையில் தோப்பிலிருந்து ஒரு குயில் கூவினால், அதைப் பதிவிலிருந்து நீக்க வேண்டியதில்லை.