இறங்கும் வேலையில் சிதையும் தொடைத் தசை

தொடையின் முன்புறமுள்ள நான்கு தசைகள் சேர்ந்து முழங்காலை நீட்டுகின்றன. படியேறும்போது அவை சுருங்கி உடலை மேலே தூக்கும். படியிறங்கும்போதும் அவற்றுக்கு ஓய்வில்லை. உடல் எடையைத் தாங்கிக்கொண்டே மெல்ல நீள வேண்டியிருக்கிறது. இப்படி நீண்டபடியே விசை கொடுப்பதை எக்சென்ட்ரிக் இயக்கம் என்பார்கள். ஸ்குவாட்டிலும் தோப்புக்கரணத்திலும் உடல் கீழே போகும் பாதி, மலைச்சரிவில் இறங்கும் நடை ஆகியவை இவ்வகை. பழனி மலைப் படிகளில் ஏறியபோது வாங்கிய மூச்சு சற்று நேரத்தில் அடங்கிவிடும். இறங்கிவந்த தொடையோ மறுநாள்தான் நோகத் தொடங்கும்.

நீளும் தசை, சுருங்கும் தசையைவிட அதிக விசையைத் தாங்கும். ஆக்சிஜன் செலவோ குறைவு. மூச்சு முட்டாததால் வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் குறைவான இழைகளே முழுச் சுமையையும் ஏற்பதால், ஒவ்வோர் இழைக்கும் பளு கூடிவிடுகிறது. புதிதாக ஜிம்முக்குப் போகிறவர்கள் முதல் நாளிலேயே அளவு மீறிவிடுவதற்கு வேலை இப்படி எளிதாகத் தோன்றுவதும் ஒரு காரணம்.

தசைக்குள் நடப்பது

தசை இழை, சார்கோமியர் எனப்படும் நுண் அலகுகளை வரிசையாகக் கோத்து அமைந்தது. பளுவோடு நீளும்போது பலவீனமான சில அலகுகள் எல்லை மீறி இழுபட்டுக் குலைகின்றன. 1981-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், படிக்கட்டில் திரும்பத் திரும்ப இறங்கியவர்களின் தசைத் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அலகுகளைப் பிணைக்கும் இசட் கோடுகள் சிதைந்திருந்தன. இழையின் சவ்வு கிழிந்தால் கால்சியம் உள்ளே புகுந்து புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. பிறகு வெள்ளணுக்கள் வந்து குப்பையை அகற்ற, தசையின் குருத்தணுக்களான சாட்டிலைட் செல்கள் பழுதுபார்க்கின்றன. இந்த அழற்சியில் நரம்பு முனைகள் கூருணர்வு பெறுவதால் வலி தாமதமாக வருகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து வெளியேறிவிடும்.

வலியும் பலமும் ஒன்றாகத் திரும்புவதில்லை

வலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கும். பலம் குறைவதோ உடற்பயிற்சி முடிந்த அந்த நொடியிலேயே. இழப்பு சிறிதென்றால் இரண்டு நாளில் மீளும். பலம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டால் ஒரு வாரத்தையும் தாண்டும். வலி நின்றது என்பதற்காக மீண்டும் முழுப் பளுவைத் தூக்குவது சரியல்ல. படியிறங்கும்போது முழங்கால் நடுங்குமானால் தொடை இன்னும் தேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

சிதைந்த இழையிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி இரத்தத்தில் கசிகிறது. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகளும் தசையிலிருந்து வரக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் கடும் உடற்பயிற்சி செய்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம்; இல்லாத கல்லீரல் நோயைத் தேடி வீணாக அலைய நேராது.

பெண்களின் தசை

ஓய்வில் இருக்கும்போது பெண்களின் கிரியேட்டின் கைனேஸ் அளவு ஆண்களைவிடக் குறைவு. தசைத் திரள் குறைவாக இருப்பது இதற்கு ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜன் தசைச் சவ்வைக் காப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டின. மனிதர்களிடம் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கும் மாதவிடாய் நாட்களில் வலியும் பலம் குறைவதும் சற்றுக் கூடலாம் என்று சில ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. ஆனால் ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடப் பெரிது. மாதவிடாய் நாள் என்பதாலேயே உடற்பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை.

மீட்சிக்கு உதவுபவை

மிகச் சிறந்த காப்பு உடற்பயிற்சியே. ஒருமுறை சிதைந்து தேறிய தசை, அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது வெகுவாகக் குறைந்த சேதத்தையே அடைகிறது. இந்தப் பயன் பல வாரங்கள் நீடிக்கும். முதல் நாளில் குறைந்த பளுவில் சில தடவை செய்தாலே ஓரளவு காப்புக் கிடைக்கும்.

மென்மையான நடையும் மசாஜும் வலியைக் குறைக்கும். தசையை இழுத்து நீட்டும் பயிற்சியால் கிடைக்கும் நிவாரணம் மிகச் சிறிது. குளிர்நீரில் அமர்வது நோவைத் தணித்தாலும், எடைப் பயிற்சிக்குப் பின் தினமும் செய்தால் தசை வளர்ச்சியை மட்டுப்படுத்தக்கூடும். பழுதுபார்க்கப் புரதம் வேண்டும்: பருப்பு, முட்டை, தயிர், மீன், சுண்டல். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்ணும் பெண்ணுக்கு இது கிடைக்காமலே போகிறது. உறக்கமும் அவ்வளவே முக்கியம்.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலை

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, தொடை கல்லாக வீங்கி மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெருமளவில் சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அந்நிலையில் தானாக ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்கு மேலும் ஆபத்து. உடற்பயிற்சி நோவு பெரும்பாலும் இரண்டு தொடைகளிலும் இருக்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அது சிரையில் உறைந்த இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம்; ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.