வீட்டு மாடியில் ஒரு வானோக்கு நிலையம்

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் நிலத்தின் ஒரு பகுதியாக விளங்கியதை யாவரும் அறிவர். அத்திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837 ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் வானோக்கு நிலையம் ஒன்று நிறுவப்பெற்றதை அறிந்தோர் சிலரே. பின்னர் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் புரூன் என்னும் அறிஞர், 1855 இல் அகத்தியமலையின் உச்சியிலும் ஒரு நோக்குநிலையத்தை அமைத்தார். காந்த ஊசியின் அசைவையும் வானிலையையும் அளப்பதே அதன் பணி. அளவுகளைக் குறித்துக்கொள்ள உதவியாளர்கள் அம்மலைமீதே தங்கினர். கருவி எங்கே இருந்ததோ அங்கே மனிதனும் இருந்தாக வேண்டிய காலம் அது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. இலடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில், கடல்மட்டத்திற்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கின்றது. 2000 ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்ட அதற்கு, தமிழர் மரபில் வந்த அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. மூச்சுவிடவும் இடர்ப்படும் அவ்வுயரத்தில் ஆய்வாளர் இரவெல்லாம் நிற்பதில்லை. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் அமர்ந்து, 2001 முதல் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே அதனை இயக்கி வருகின்றனர். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு கண்ணாடியைத் திருப்பி விண்மீனைப் படமெடுக்கும் அந்நெறியே, அளவிற் சுருங்கி, இப்போது நம் வீட்டு மொட்டைமாடிக்கும் வந்திருக்கின்றது.

ஏன் தொலைவிலிருந்து?

இரண்டு அடி தொலைவில் நின்று பார்க்க வேண்டியதை அறைக்குள் இருந்து பார்ப்பானேன் என்று வினவுவோர் உளர். நிலவையும் சனிக்கோளின் வளையத்தையும் பொறுத்தவரை அவ்வினா நேரியதே. அவற்றைக் கண்ணை வைத்துத்தான் காணவேண்டும். படலங்களின் நிலை வேறு. நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடிக்குள் வந்ததைக் காட்டிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். ஒளிப்படக் கருவியின் உணரியோ பத்து நொடி, இருபது நொடி என ஒளியைத் திரட்டிக் கொள்ளும். ஓரையன் படலத்தைத் தொலைநோக்கியில் காண்பவர்க்குச் சாம்பல் நிறப் புகையாகத் தோன்றுவது, படத்தில் செந்நிறம் கொள்வது இதனாலேயே. படமெடுக்கும் பணியில் கண்ணுக்கு வேலை இல்லை. எனவே கருவியின் பக்கத்தில் நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

மற்றொரு காரணத்தையும் ஒளிக்காமல் கூறிவிடலாம். இக்கலைக்கு உரிய நேரம் நள்ளிரவு. அந்நேரத்தில் மகள் மாடியில் தனித்து நிற்பதை நம் வீடுகளில் எத்தனை பெற்றோர் ஒப்புவர்? வானியலில் ஆர்வமுடைய மாணவியர் பலருடைய ஆர்வம் புத்தகத்தோடு நின்றுவிடுவது, அறிவுக் குறைவால் அன்று. படிக்கட்டு ஏறவொட்டாத நேரக் கட்டுப்பாட்டால். மாலையில் தந்தையோ தமையனோ உடனிருக்கக் கருவியை மாடியில் நிறுத்திவிட்டு, இரவெல்லாம் தம் அறையிலிருந்து அதனை இயக்க இயலும் என்றால், அத்தடையின் பெரும்பகுதி நீங்கிவிடுகின்றது. தொலைவியக்கத்தின் தலையாய பயன் இதுவென்றே நாம் கருதுகிறோம். முழங்கால் வலியுடைய பெரியவர்களுக்கும், கொசுக்கடிக்கு அஞ்சும் ஏனையோர்க்கும் இது நன்மையே.

கருவி செய்யும் வேலை

புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால் வானம் நகர்வதுபோல் தோன்றுகின்றது. முழுநிலவின் அகலம் அரைப்பாகை. அவ்வளவு தொலைவை வானம் இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். தொடக்கநிலையினர்க்கென 2023 இல் வெளிவந்த சீஸ்டார் எஸ்-50 என்னும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர். குவியத் தொலைவு 250 மில்லிமீட்டர். அக்கருவி அசையாது நின்றால், விண்மீன் ஒன்று நொடிக்கு ஆறு படப்புள்ளிகள் வீதம் இழுபட்டுக் கோடாகிவிடும். ஆகவே வானத்தோடு உடன்செல்லும் மோட்டார் இன்றியமையாதது.

அத்தகைய கருவியில் தொலைநோக்கி, மோட்டார், படக்கருவி, சிறு கணினி ஆகியன ஒரே கூட்டினுள் அடங்கியுள்ளன. முக்காலியைச் சமதளமாக நிறுத்திக் கருவியைப் பொருத்தி, கைப்பேசியில் உள்ள செயலியை அதன் வைஃபையோடு இணைத்தால் போதும். கருவி வானத்தின் ஏதோ ஒரு பகுதியைப் படமெடுத்து, அதிலுள்ள விண்மீன்களின் அமைப்பைத் தன் நினைவிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, தான் எத்திசையை நோக்கி நிற்கிறது என்பதைத் தானே அறிந்துகொள்ளும். பின்னர் நாம் தேர்ந்த பொருளைத் தேடிச்சென்று, பத்து நொடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். நூறு படங்களை அடுக்கினால் படத்திலுள்ள குருணை பத்தில் ஒரு பங்காகக் குறையும். பொறுமைக்குக் கணக்கில் கிடைக்கும் கூலி அது.

செயலியின் பட்டியலில் அல்டெபரான், ரைஜெல், அல்டேர், பொமல்ஹாட் என வரும் பெயர்கள் அரபு மொழியிலிருந்து சென்றவை. பின்தொடர்வது, கால், பறப்பது, மீனின் வாய் என்பன முறையே அவற்றின் பொருள். நாம் உரோகிணி என்பதே அல்டெபரான். கி.பி. 964 அளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தம் விண்மீன் நூலில் சிறு முகில் என்று குறித்துவைத்த ஆண்ட்ரோமெடா மண்டலத்தை, இன்று முதலாமாண்டு மாணவர் ஒருவர் விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

நம் மண்ணுக்குரிய இடர்

கருவியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் வடநாடுகளின் வானத்தை நினைந்து எழுதப்பெற்றவை. துருவ விண்மீனைப் பார்த்து அச்சைச் சரிசெய்க என்று அவை கூறும். ஓர் ஊரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அவ்விண்மீன் தோன்றும். இலண்டனில் அது 51 பாகை. நாகர்கோவிலில் வெறும் 8 பாகை! நம் வடக்கே மேற்குத்தொடர்ச்சி மலை நிற்கின்றது. பூதப்பாண்டி போன்ற மலையடிவார ஊர்களில் மலையும் மூடுபனியும் தென்னையும் சேர்ந்து அதனை மறைத்துவிடுதல் இயல்பு. மேலும், புவியச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ஈக்குவட்டோரியல் மவுண்டுகள் பல 8 பாகை வரை தாழ்வதில்லை. தாழ்ந்தாலும் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும். துருவ விண்மீன் தெரியாவிடினும், வானில் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சின் பிழையைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் உள்ளன. இலவசமாகக் கிடைக்கும் நினா அவற்றுள் ஒன்று.

தொடக்கநிலையினர்க்கு நாம் சொல்வது, மேலும் கீழும் இடமும் வலமும் மட்டுமே திரும்பும் எளிய தாங்கியே போதும் என்பதாகும். அதில் ஒரு குறை உண்டு: நேரம் செல்லச் செல்லப் படத்தின் சட்டகத்துக்குள் வானம் மெல்லச் சுழலும். இச்சுழற்சி தென்திசையிலும் வடதிசையிலும் மிகுதி. நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் இல்லை என்றே சொல்லலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு இங்கு ஒரு நல்வாய்ப்பு. ஓரையன் நமக்கு ஏறத்தாழ நேர் கிழக்கில் எழுந்து, செங்குத்தாக ஏறி, தலைக்கு அருகே கடந்து மேற்கில் இறங்குகின்றது. அது உச்சியை நெருங்கும்போது இத்தகைய தாங்கி தடுமாறும். ஆதலின் முப்பது முதல் அறுபது பாகை உயரத்தில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாளும் இடமும்

இரு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. உழவர்க்கு அது வரம்; விண்ணை நோக்குவோர்க்கு ஆண்டில் பாதி போய்விடும். சனவரி முதல் மார்ச்சு வரையிலான இரவுகளே நம்பத்தக்கவை. நிலவொளியற்ற இரவுகளைத் தேர்வதற்குப் பஞ்சாங்கம் தேட வேண்டா. வீட்டுப் பெரியவர்களிடம் இன்று பிறை எத்தனை என்று கேட்டால் போதும். பிறை 25 முதல் அடுத்த மாதத்துப் பிறை 5 வரை நள்ளிரவுக்கு முன் பெரும்பொழுது இருளாகவே இருக்கும்.

மாடியின் தென்புறம் திறந்திருத்தல் நன்று. நமக்குத் தெற்கே கடல். மீன்பிடி படகுகளின் விளக்குகளைத் தவிர வேறு நகரொளி இல்லை. பெருநகரத்தார் பொருள் செலவிட்டுத் தேடிச்செல்லும் இருள் நமக்கு வாயிலில் கிடக்கின்றது. ஆயினும் அக்கடலே உப்புக்காற்றையும் ஈரத்தையும் அனுப்புகின்றது. கடலோர ஊரினர் பணி முடிந்ததும் கருவியை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். இல்லையேல் திருகாணிகள் துருவேறும். வில்லையில் பனி படியாதிருக்கச் சிறு வெப்பப் பட்டையை இயக்கலாம்.

வைஃபை காங்கிரீட் தளத்தைக் கடந்து வரும்போது நலிவடையும். வீட்டு இணையப் பெட்டியை மாடிப்படியின் மேற்கோடியில் வைத்து, கருவியை அதனோடு இணைத்துவிட்டால் கீழ்த்தளத்து அறை வரை இணைப்பு நிலைக்கும். மின்வெட்டு நேரும்போது இணையப் பெட்டியும் அணைந்துவிடும் என்பதால் அதற்கும் ஒரு மின்கலம் வேண்டும்.

இரண்டு இடர்களை மட்டும் எந்தச் செயலியும் முற்றாகக் காக்காது. ஒன்று, எதிர்பாராத மழை. தூறல் தொடங்கினால் ஐந்து நிமிடத்திற்குள் மாடிக்கு ஓடத்தக்க ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். அதற்கு உடன்படும் தம்பி ஒருவரை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்வது அறிவுடைமை. மற்றொன்று, கதிரவன். இரவில் உறங்கிவிட்டு விடிந்தபின் எழுந்தால், வடிகட்டியற்ற வில்லையின் வழியே வெயில் குவிந்து உணரியைப் பாழாக்கக்கூடும். விடியுமுன் கருவி தானே மூடிக்கொள்ளுமாறு நேரம் குறித்துவிட்டுப் படுத்தல் நலம்.

இக்கருவியின் விலை எளியோர்க்கு எட்டுவதன்று. வீட்டுக்கு ஒன்று என்பதினும் கல்லூரிக்கு ஒன்று வாங்கி, முறைவைத்து மாணவர் வீடுகளுக்கு அனுப்புவதே பொருத்தம்.

எதனை முதலில் எடுப்பது? வளர்பிறை நிலவில் கை பழகிக்கொண்டு, சனவரியில் ஓரையன் படலத்தை எடுக்கலாம். மார்ச்சில் நள்ளிரவுக்குப் பின் ஒமேகா செந்தாரி என்னும் விண்மீன் கொத்து தெற்கே 34 பாகை வரை ஏறும். ஐரோப்பியரில் பெரும்பாலோர்க்குத் தம் ஊரிலிருந்து காணக் கிடைக்காத காட்சி அது. கடற்கரையை ஒட்டிய வீடாயின், சனவரி நடுவில் இரவு பத்து மணியளவில், அகத்திய விண்மீனுக்கும் கீழே, கடலுக்கு மேல் ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் பெரிய மெகல்லன் முகிலைத் தேடுக. ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அது, கடற்புகை இல்லாத நாளில் மட்டும் படத்தில் விழும்.