மடிக்கணினிக்கு மறு ஜன்மம்!

காலையில் லாப்டாப்பின் பொத்தானை அழுத்துகிறீர்கள். பிறகு அடுப்பில் பாலை வைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, காபி கலந்து, அதை ஆற அமரக் குடித்துவிட்டு வந்து பார்க்கிறீர்கள். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது! உங்கள் வீட்டிலும் இந்தக் கூத்துத்தானா? அப்படியானால், சகோதரி, கொஞ்சம் உட்காருங்கள். உங்களோடுதான் பேச வேண்டும்.

எங்கள் வீட்டு லாப்டாப் 2018-இல் வாங்கியது. வந்த புதிதில் குதிரை மாதிரி ஓடிற்று. போகப் போக மாட்டு வண்டியாயிற்று. கடைசியில் மாட்டையும் அவிழ்த்துவிட்ட வண்டியாக நின்றது! உயிர் பெற்று எழுந்திருக்கப் பத்து நிமிஷம். ஒரு கடிதத்தைத் திறக்க மேலும் மூன்று நிமிஷம். ரிப்பேர் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்கம்மா" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரரும் தவணை முறைக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கூடத்திலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது.

"அதைத் தூக்கிப் போட்டுடாதேடா. அதிலேதானே அப்பா குரல் இருக்கு?"

எல்லோரும் வாயடைத்துப் போனோம். என் மாமனார் காலமாவதற்கு முந்திய கோடை விடுமுறையில், பேத்திக்கு தினம் ஒரு கதையாகப் பன்னிரண்டு கதைகள் சொன்னார். அந்தப் பெண் சமர்த்தாக அவ்வளவையும் லாப்டாப்பில் பதிவு செய்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும் அதில் ஒரு கதையைக் கேட்பது என் மாமியாருக்கு வழக்கம். அந்தக் கதைகளுக்கு வேறு பிரதி கிடையாது!

நல்ல வேளையாக, மறுநாள் என் அண்ணன் மகன் வந்து சேர்ந்தான். இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை. ஐந்து நிமிஷம் லாப்டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தை! மூளை நன்றாகத்தான் இருக்கிறது. கிழடு தட்டியது இதனுடைய சாமான் அறைதான்!"

சமையல் மேடையும் சாமான் அறையும்

அவன் சொன்ன விளக்கத்தை நம் பாஷையில் சொல்கிறேன். கணினியில் 'ராம்' என்று ஒன்று உண்டு. அதுதான் சமையல் மேடை. அந்த நேரத்து வேலைக்கு வேண்டியதை மட்டும் அதில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மின்சாரத்தை நிறுத்தினால் மேடை காலி. இன்னொன்று சேமிப்பகம். அது சாமான் அறை. படம், பாட்டு, கடிதம், கணக்கு எல்லாம் நிரந்தரமாகக் குடியிருப்பது அங்கேதான்.

எங்கள் லாப்டாப்பில் சாமான் அறையாக இருந்தது பழைய தினுசு ஹார்ட் டிஸ்க். கிராமபோன் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. அதன் மேல் ஒரு கை அங்கும் இங்கும் ஓடி, வேண்டிய இடத்தைத் தேடிப் படிக்கிறது. ஆனால் கிராமபோன் முள்போல் இது தட்டைத் தொடாது. நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதந்துகொண்டே படிக்கும்! லாப்டாப்புகளில் சாதாரணமாக இந்தத் தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றும். அது பெரிய வேகந்தான். ஆனாலும் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் 90-இல் ஒரு பங்கு ஆகிறது. கணினியை எழுப்ப ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கை ஓடி, தட்டு சுற்றி... நம் காபி ஆறாமல் என்ன செய்யும்?

புதிய தினுசுக்கு எஸ்.எஸ்.டி. என்று பெயர். இதில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. எல்லாம் சில்லுகள், மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்ளும் நுண்ணிய அறைகள். இதை அஞ்சறைப் பெட்டி என்று சொல்லுங்கள். கடுகா, சீரகமா, வெந்தயமா, எது வேண்டுமானாலும் கையை நீட்டினால் கிடைக்கிறது. சின்னத் துண்டுகளைத் தேடி எடுப்பதில் இது பழைய தட்டைவிடச் சுமார் நூறு மடங்கு வேகம்.

இரண்டடித் தட்டும் சூயிங்கம் பட்டையும்

ஒரு சுவையான சங்கதி. முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஹார்ட் டிஸ்க் 1956-இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி செய்தது. இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது! அந்த ராட்சத பீரோவுக்குள் அடங்கியவை 50 லட்சம் எழுத்துக்கள். இன்றைய கணக்கில் ஒரே ஒரு சினிமாப் பாட்டுக்குத்தான் காணும்.

எஸ்.எஸ்.டி.க்கு ஆதாரமான 'ஃபிளாஷ்' நினைவகத்தை உண்டாக்கியவர் ஜப்பானியரான ஃபுஜியோ மசுவோகா. தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த அவர், 1984-இல் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். எழுதியதையெல்லாம் ஒரே கணத்தில் அழிப்பது காமிராவின் பளிச்சென்ற வெளிச்சம் போலிருக்கிறது என்று அவருடைய சகா ஒருவர் சொன்னாராம். அதனால் வந்தது அந்தப் பெயர்.

இன்று எம்.2 என்னும் எஸ்.எஸ்.டி. எத்தனை பெரிது தெரியுமா? அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். ஒரு சூயிங்கம் பட்டைதான்! எடை பத்துக் கிராம்கூட இராது. 500 ஜி.பி. பட்டை ஒன்றில், அந்தப் பழைய ஐ.பி.எம். பீரோக்கள் ஒரு லட்சத்தில் அடங்குவது அடங்கிவிடும்.

மாமா செய்த தவறு

இதையெல்லாம் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே ரிச்சி தெருவுக்குப் போய், வெற்றி வீரராக ஒரு பட்டையோடு திரும்பினார். மாட்டிப் பார்த்தால், பொருந்தியது. ஆனால் லாப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை!

"என்ன மாமா, எந்த ஜாதி என்று பார்க்காமல் வாங்கிவிட்டீர்களே!" என்றான் பையன்.

எம்.2 பட்டைகளில் இரண்டு ஜாதி உண்டு: ஸாட்டா, என்.வி.எம்.இ. உருவத்தில் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஸாட்டா விநாடிக்குச் சுமார் 550 எம்.பி. தரும், என்.வி.எம்.இ.யில் சாதாரணமானதே ஆயிரம், இரண்டாயிரம் என்று தாண்டும். வேகம் இருக்கட்டும், சில லாப்டாப்புகள் ஒன்றை ஏற்கும், மற்றொன்றை ஏற்கா. எங்களுடையது என்.வி.எம்.இ. மட்டுமே ஏற்பது, மாமா வாங்கி வந்தது ஸாட்டா. மறுநாள் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆகவே கடைக்குப் போகுமுன் லாப்டாப்பின் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்த கம்பெனியின் கையேட்டைப் பார்த்து, எம்.2 துளை உண்டா, எந்த ஜாதி, எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2280 என்றால் 80 மில்லிமீட்டர். 2242 என்றால் 42. 2230 என்றால் 30. எம்.2 துளையே இல்லையென்றாலும் கவலை வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கின் இடத்திலேயே உட்காரும் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.யும் உண்டு. மெல்லிய லாப்டாப்புகள் சிலவற்றில் மட்டும் சேமிப்பகத்தைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் மாற்ற முடியாது.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்குக் கம்பெனியின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் இயந்திரம் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்த பிறகு பணத்தைச் செலவழியுங்கள். ஏற்காவிட்டால் இலவசமான லினக்ஸ் இருக்கவே இருக்கிறது.

முதலில் பிரதி, பிறகுதான் திருப்புளி

சரியான பட்டை வந்ததும் என் வீட்டுக்காரர் திருப்புளியை எடுத்தார். பையன் கையைப் பிடித்துவிட்டான்.

"முதலில் தாத்தா கதைகளை வெளியே எடுப்போம் மாமா."

தட்டின் ஆரோக்கியத்தைச் சொல்லும் இலவச நிரல் ஒன்றை ஓட்டினான். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. தட்டில் சில இடங்கள் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தன! வெறும் தாமதம் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் வியாதி. பென் டிரைவைச் செருகி ஒவ்வொரு கதையாகப் பிரதி எடுத்தான். என் மாமியார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று... இரண்டு... ஆறு வந்தன. ஏழாவது கதை பாதியில் நின்றது. 'படிக்க முடியவில்லை' என்றது இயந்திரம். அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்தான். இரவு பதினொரு மணிக்குப் பதினோரு கதைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஏழாவது, எத்தனை முயன்றும், வரவே இல்லை.

"போகட்டும்டா கண்ணா. பதினொண்ணு கிடைச்சுதே" என்றார் என் மாமியார். ஆனால் அன்றிரவு அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். தட்டு நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே புதிய பட்டைக்குப் படியெடுத்துவிடலாம். அதற்கு இலவச நிரல்கள் உண்டு. நோய்கண்ட தட்டாக இருந்தால், விலை கொடுத்து வாங்க முடியாதவற்றை முதலில் வெளியே எடுங்கள். பிறகு புதிய பட்டையில் விண்டோஸைப் புதிதாகவே நிறுவுங்கள். நாங்கள் செய்தது அதுதான். கூடவே, உங்கள் லாப்டாப்பில் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லித் தட்டின் உபயோகம்

மாட்டும் வேலை அரை மணி நேரந்தான். வாரண்டி பாக்கி இருந்தால் மட்டும், திறப்பதற்கு முன் கம்பெனியைக் கேட்டுக்கொள்ளுங்கள். லாப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். பட்டுப் புடவை, நைலான் புடவை வேண்டாம்; பருத்திதான் உத்தமம். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளுக்குச் சத்துரு. வேலைக்கு முன் ஏதாவது பெரிய இரும்புச் சாமானைத் தொட்டுக்கொள்ளுங்கள். அடி மூடியின் திருகுகள் ஒரே நீளத்தில் இரா; எது எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். அதற்கு இட்லித் தட்டைப்போல் அருமையான கருவி வேறில்லை! குழிக்கு ஒரு திருகாக வரிசையாகப் போட்டு வையுங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்ளே பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பட்டையின் வெட்டும் துளையின் மேடும் ஒத்து வரும்படி பார்த்து, சாய்வாகச் செருகுங்கள். மறுமுனை கொஞ்சம் தூக்கி நிற்கும். பயப்படாதீர்கள், அது சரிதான். மெதுவாக அழுத்திக் குட்டித் திருகைப் போட்டு முடுக்குங்கள். நிறுவி முடிகிற வரையில் பழைய தட்டைக் கழற்றியே வையுங்கள். கை தவறி அதன்மேலேயே எழுதிவிடும் விபத்து நேராது.

எங்கள் லாப்டாப் இப்போது பதினெட்டு விநாடியில் எழுந்து கை கட்டி நிற்கிறது. காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கக்கூட நேரமில்லை!

ஆனால் புதிய மருமகளையும் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? எஸ்.எஸ்.டி.க்கு எழுதி எழுதித் தேயும் குணம் உண்டு. இதற்காகக் கவலைப்பட வேண்டாம். 300 டி.பி. எழுதலாம் என்று உத்தரவாதமுள்ள 500 ஜி.பி. பட்டையில் தினம் 20 ஜி.பி. எழுதினாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும். கவனிக்க வேண்டிய குணங்கள் வேறு. பழைய தட்டு சாகுமுன் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரித்தாலும் எச்சரிக்கும். இது மௌனமாகப் போய்விடக்கூடும். இதில் அழித்ததைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் ஆகாத காரியம். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தாலும் உள்ளே இருப்பது மங்கலாம். ஆகையால் முக்கியமானவை எப்போதும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தது. விளக்கேற்றியாயிற்று. என் பெண் லாப்டாப்பைத் திறந்தாள். திறந்த உடனே தாத்தாவின் குரல் கூடத்தில் நிறைந்தது. ஆறாவது கதை முடிந்தது. அவள் தயங்கினாள்.

"பாட்டி, ஏழாவது கதைதான் இல்லையே..."

"ஏன் இல்லை? வண்ணானும் முதலையும் கதைதானே? கல்யாணமான புதுசிலே உங்க தாத்தா எனக்குத்தாண்டி முதல்லே சொன்னார். நான் சொல்றேன், நீ பதிவு பண்ணிக்கோ."

அவர் சொன்னார். அவள் பதிவு செய்தாள். அன்றிரவே அதற்கு இரண்டு பிரதிகள் எடுத்து வைத்தோம்.

உங்கள் லாப்டாப்புக்குப் புதிய பட்டை அடுத்த மாதம் வாங்கினாலும் பாதகமில்லை. பிரதியை மட்டும் இன்றிரவே எடுத்துவிடுங்கள்!