மைக்ரோகன்ட்ரோலருக்கும் நாடி உண்டு

லாமிங்டன் ரோடு பக்கம் போய் வருகிற நம் சங்கத்து இளைஞர்கள் கையில் இப்போதெல்லாம் ஓர் ஆர்டுயினோ பலகை தவறாமல் இருக்கிறது. எல்.இ.டி. விளக்கை மினுக்கிப் பார்த்த கையோடு, அடுத்து அவர்கள் போவது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு செட்டுக்குத்தான். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியவன் என்ற முறையில், விளக்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

ஆர்டுயினோ ஊனோவில் இருப்பது ஏ.டி.மெகா 328பி என்ற சில்லு. அதன் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு விஷயங்களை நாம் சொல்லியாக வேண்டும். அது கேட்கும் காலா, பேசும் காலா என்பது ஒன்று. பேசும் கால் என்றால் 0 சொல்ல வேண்டுமா, 1 சொல்ல வேண்டுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனி ரெஜிஸ்டர்கள். 1 எழுதினால் காலில் 5 வோல்ட், 0 எழுதினால் பூஜ்யம். பலகையின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கிறது. ரெஜிஸ்டரில் நேரடியாக ஒரு பிட்டை மாற்ற அதில் 2 துடிப்பே போதும்.

வேகம் இருக்கும் அளவுக்குப் பலம் கிடையாது. ஒரு கால் தாங்கும் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடையில் கிடைக்கும் 5 வோல்ட் நீல ரிலேயின் காயிலோ சுமார் 70 மில்லி ஆம்பியர் கேட்கும். ஆகவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு. இதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். 13-ஆம் காலில் மட்டும் ரிலேயைக் கட்டாதீர்கள். பலகை உயிர்பெறும்போது, நம் புரோக்ராம் தொடங்கும் முன்பே, அந்தக் கால் தானாக மினுக்கும்.

நிற்க. விஷயம் இனிமேல்தான்.

எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் இப்படி ஒரு பலகைதான் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு, கீழ்த்தொட்டி வற்றிய பிறகும் மோட்டார் விடிய விடிய வெறுமனே ஓடிக் கருகிப்போனது. நாலு மாடிக் குடித்தனங்களுக்கும் இரண்டு நாள் டேங்கர் தண்ணீர்தான். திறந்து பார்த்தால், சென்சார் ஒயரில் ஈரம். சென்சாரின் பதிலுக்காகக் காத்திருந்த புரோக்ராம் அங்கேயே நின்றுவிட்டது. காலோ, கடைசியாகச் சொன்ன 1-ஐயே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது!

இந்தக் கவலை ரயில்வேக்குப் பழையது. 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் பேட்டன்ட் பெற்ற டிராக் சர்க்யூட்டைப் பாருங்கள். வண்டி இல்லாத தண்டவாளத்தில் சிறு மின்சாரம் ஓடி, ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழும், சிக்னல் சிவப்பு. பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு, ஒயர் அறுந்தாலும் சிவப்பு. எங்கள் ரிலேக்கள் தம் எடையாலேயே விழும். காண்டாக்ட்டில் ஒரு பக்கம் கரி என்பதால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

மைக்ரோகன்ட்ரோலரில் இதை எப்படிக் கொண்டுவருவது? காலில் 5 வோல்ட் அசையாமல் நின்றால் உள்ளே புரோக்ராம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. பச்சைக் கொடியைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போன மாதிரிதான் அது. எனவே ரிலேயை 1-ஆல் தூக்காமல், 0-1-0-1 என்று மாறும் துடிப்பால் தூக்க வேண்டும். சிக்னல் துறையின் மின்னணுக் கருவிகளில் இது பழகிய தந்திரம்.

காலிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர், அதன் பிறகு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கெபாசிட்டரின் மறுமுனையில் இரண்டு டயோடு: ஒன்று கிரவுண்டிலிருந்து அந்த முனையை நோக்கி, மற்றது அந்த முனையிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை நோக்கி. அங்கே சேரும் மின்சாரம் 1 கிலோ ஓம் வழியாக பி.சி. 337 டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகட்டும். விநாடிக்கு ஆயிரம் துடிப்பு வந்தால் ரிலே நிற்கும். கால் 1-இல் உறைந்தாலும் 0-இல் உறைந்தாலும் முதல் கெபாசிட்டர் எதையும் கடத்தாது. கண் இமைக்கும் நேரத்தில் ரிலே விழுந்துவிடும்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே ஒரு குறுக்குவழி தேடுவார்கள். சில்லுக்குள் இருக்கும் டைமரிடமே துடிப்பை ஒப்படைத்துவிடலாமே என்று! கூடவே கூடாது. புரோக்ராம் நின்ற பிறகும் டைமர் தன்பாட்டுக்குத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு பார்த்து, முடிவெடுத்து, திரும்பி வருகிற அந்த முக்கியச் சுற்றேதான் ஒவ்வொரு தடவையும் காலைப் புரட்ட வேண்டும். அப்படியானால் சுற்று வேகமாக இருக்க வேண்டும், எங்கும் நின்று காத்திருக்கக் கூடாது. எழுதுவதற்குச் சற்றுச் சிரமம்தான்.

பெரிய மோட்டாருக்கு அந்தச் சின்ன ரிலே போதாது. ரிலே ஒரு கான்டாக்டரை இழுக்கட்டும், மோட்டாரை அது பார்த்துக்கொள்ளும். 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன் கையில் விட்டுவிடுங்கள். மோட்டாரை இணைக்கும் முன் புரோக்ராமில் வேண்டுமென்றே முடிவில்லாத ஒரு சுற்றைப் போட்டு, கால் 1-இல் உறையும்படி ஒரு தடவை, 0-இல் உறையும்படி ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். இரண்டு தடவையும் ரிலே விழும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும்.