வேன் ஏறுவதற்கு முன்னால்: பிள்ளைகளோடு நீர்ப்பூங்காவுக்கு ஒரு பயணம்



ஏப்ரல் லீவு கிட்ட வந்தால் லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பிவிடும். "அப்பா, இந்த வருஷமாவது அந்தத் தண்ணிச் சறுக்குக்குப் போவமா?" ரீவியில் பார்த்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா அடுப்பைப் பார்ப்பார். "பாப்பம் பாப்பம்" என்று சொல்லியே மூன்று வருடம் போய்விட்ட வீடுகளும் கந்தப்பளையில் உண்டு.

போகலாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். ஆனால் எப்படிப் போவது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு முறை எங்கள் உத்தியோகத்தர்கள் சிலரும் ஒரு தோட்டத்துக் குடும்பங்களோடு வேனில் கீழ்நாட்டுப் பூங்கா ஒன்றுக்குப் போனோம். ஒரே நாளில் போய் ஒரே நாளில் திரும்புவதாக ஏற்பாடு. வருடக்கணக்காகக் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, இராத்திரி பன்னிரண்டு மணிக்கே எழும்பி முப்பது பேருக்குச் சோறு கட்டினார். பூங்காவில் முழு டிக்கட் எடுத்தார். சேலையோடு தண்ணீருக்குள் விடமாட்டார்கள் என்பது வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எல்லோருடைய பேக்குகளையும் சுற்றி வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது, "எப்படி அக்கா இருந்திச்சு?" என்று கேட்டோம். "பேக்கெல்லாம் பத்திரமா இருந்திச்சு சார்" என்றார். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு கினிகத்தேனை ஏற்றத்தில் சாரதி இரண்டு தடவை தூங்கி விழுந்தார். லயத்துக்கு வரும்போது இராத்திரி ஒன்றரை மணி. மறுநாள் பிரட்டுக்கு யாரும் போகவில்லை, அந்தப் பேரும் போய்விட்டது.

இந்தத் தவறுகளையெல்லாம் நாங்களும் சேர்ந்துதான் செய்தோம். அதனால்தான் இப்போது எழுதுகிறோம்.

முதலில் தூரம். நீர்ச்சறுக்கும் இராட்டினங்களும் ஒன்றாக உள்ள பெரிய பூங்கா என்றால் நம்மவர்கள் அதிகம் சொல்வது கொஸ்கம பக்கம், அவிசாவளைக்கும் ஹங்வெல்லைக்கும் இடையில் இருக்கும் லெஷர் வேர்ல்ட். பண்டாரகமையில் பேர்ல் பே என்று இன்னொன்று இருக்கிறது; அது இன்னும் தூரம். கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு இறங்கி, நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை வழியாக அவிசாவளைக்குப் போகவேண்டும். நுவரெலியாவிலிருந்து அவிசாவளைக்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர். கந்தப்பளையிலிருந்து பூங்கா வாசல்வரை கணக்குப் பார்த்தால் 140 கிலோமீற்றர் வரும். வரைபடத்தில் இது பெரிய தூரம் இல்லை. ஆனால் நம்ம பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுக்க நிறுத்தி நிறுத்திப் போனால் ஐந்து, ஆறு மணித்தியாலம் ஆகும்.

(நம்ம ஊருக்கு ஒரு காலத்தில் ரயிலே இருந்தது என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சின்ன ரயில் ஓடியது. 1903இல் தொடங்கி 1940களில் நின்றுபோனது. இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் குடியேறிய நம்ம சொந்தக்காரர்களுக்கோ பூங்கா மலையடியிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டருக்குக் கோத்தகிரியிலிருந்து இறங்கினால் போதும். நமக்கு அந்த வசதி இல்லை.)

போவதும் வருவதும் சேர்ந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் பாதையிலேயே போகிறதென்றால், இந்தப் பயணத்தை ஒரே நாளில் முடிக்கக் கூடாது. நாங்கள் அடித்துச் சொல்வது இதைத்தான். பகல் முழுக்கத் தண்ணீரில் ஆடிய பிள்ளைகள் தூங்குவார்கள், பெரியவர்களும் தூங்குவார்கள். விடியமுன் எழும்பி வந்த சாரதி மட்டும் தூங்காமல் இருப்பார் என்று எப்படி நினைப்பது?

நடந்ததை நாம் மறக்கவில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லைப் பாதையில், சுற்றுலா வந்த ஒரு பாடசாலை பஸ் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில் கொத்மலை கெரண்டிஎல்லையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி, தங்காலையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பஸ் எல்ல - வெல்லவாய பாதையில் இராத்திரி நேரம் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் மலைப்பாதையில் இருட்டும் களைப்பும் சேர்ந்தால் ஒரு சின்னப் பிழையைத் திருத்திக்கொள்ளவும் இடம் இருக்காது.

ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாளாகப் போடுங்கள். சனிக்கிழமை விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்குப் புறப்பட்டால் ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கா வாசலில் நிற்கலாம். இருட்டோடு புறப்படுவதால் சாரதி முதல் நாள் மத்தியானத்திலிருந்தே வேறு ஹயர் ஓடாமல் ஓய்வெடுத்தவராக இருக்கவேண்டும். இதை முற்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். பின்னேரம் நாலு மணிக்கு வெளியே வந்து, இருட்டுவதற்குள் யட்டியாந்தோட்டை அல்லது அவிசாவளைப் பக்கம் தங்கிவிடுங்கள். அங்குள்ள இறப்பர் தோட்டங்களில் நம்மில் பலருக்குச் சொந்தம் இருக்கிறது. மாமா வீடோ சித்தி வீடோ இல்லாவிட்டாலும், கோயில் மண்டபத்தில் ஒரு இரவு பாய் விரிக்க முன்கூட்டியே கேட்டால் இடம் கிடைக்கலாம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் பார்த்துக்கொள்கிற உறவுகளை இந்தச் சாட்டில் ஒரு தடவை பார்த்ததாகவும் இருக்கும். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் ஒன்று, இரண்டு மணிக்கு வெளிச்சத்தோடு வீடு வந்துசேரலாம். திங்கட்கிழமை பிரட்டுக்கும் உடம்பு எழும்பும்.

"அப்ப சனிக்கிழமைப் பேர் போயிருமே சார்?" போகும்தான். கணவன், மனைவி இரண்டு பேர் என்றால் இரண்டு பேர். ஆனால் ஒரே நாள் பயணத்தில் திங்கட்கிழமைப் பேர் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தோட்டத்தில் வரவு நாட்களை வைத்து ஏதாவது கொடுப்பனவு இருந்தால், அந்த மாதம் அது தவறாமல் இருக்குமா என்று கணக்கப்பிள்ளையிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பம் ஒன்றாகப் போவதென்றால் இரண்டு கிழமைக்கு முன்னாலேயே துரையிடம் சொல்லிவிடுவது மரியாதை. மழை விழுந்து கொழுந்து குவிந்து கிடக்கும் வாரத்தில் போய் லீவு கேட்காதீர்கள்.

ஏப்ரலில் இன்னொரு சிக்கல். நாம் கீழே இறங்க நினைக்கும் நேரத்தில்தான் நாடே நுவரெலியாவுக்கு ஏறி வருகிறது. வசந்தகாலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், கிரகரி வாவிப் பக்கம் அசையவே முடியாது. வேன்காரர்களுக்கு அதுதான் சம்பாத்தியக் காலம், வாடகையும் ஏறும். புத்தாண்டுக் கிழமையை விட்டுவிட்டு முன்னாலோ பின்னாலோ ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள். ஓகஸ்ட் லீவில் வேன் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் கினிகத்தேனை, கித்துல்கல பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலம் அது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நம்ம பாதைகளை என்ன பாடு படுத்தியது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எந்த மாதமானாலும் முதல் நாள் சாயந்தரம் பாதை எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் புறப்படவேண்டும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முற்பணம் போனாலும் பரவாயில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். தோட்டை அடகு வைத்து, கைமாற்று வாங்கி, வட்டிக்கு எடுத்துப் போகிற பயணம் வேண்டாம். பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்து, பெரியவர்களுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு, எந்த உயரம்வரை பிள்ளை டிக்கட், சனிக்கிழமைக்கு வேறு விலையா, கூட்டமாக வந்தால் குறைப்பார்களா என்று அன்றைய விலையைக் கேளுங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வேன் வாடகையை ஆட்களால் பிரியுங்கள். பிறகு இந்த மொத்தத்தை எத்தனை பேருக்குச் சமம் என்று பாருங்கள். ரூபாயில் சொன்னால் விளங்காதது, "இது நம்ம ரெண்டு பேரும் இத்தனை நாள் மலையில நின்ன காசு" என்றால் விளங்கும். அந்தக் காசைச் சம்பளத்தன்று கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் பயணச் சீட்டு ஒன்றை, அடுத்த ஏப்ரலுக்கு இந்த ஜூனிலேயே தொடங்கலாம். பொறுப்பாக ஒரு அக்காவை வையுங்கள். ஆண்களிடம் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, பெண்கள்தான் சொல்கிறார்கள்.

வேன் பேசும்போது போக வரவா, கிலோமீற்றருக்கா, இரவு தங்கினால் சாரதிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வாசலோடு போகும். ஆசனத்துக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக் கணக்கை ஒப்பேற்றும் பழக்கத்தை இந்தப் பாதையில் விட்டுவிடுவது நல்லது. டயரை நீங்களே குனிந்து பாருங்கள்.

இனி உடம்பு. கந்தப்பளை கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஆயிரம் மீற்றர் இறங்கினால் சூடு ஏறக்குறைய 6 பாகை கூடும். அப்படியென்றால் கொஸ்கம நம்மைவிடப் பன்னிரண்டு பாகைபோல் சூடு, அதிலும் ஏப்ரல் வெயில், புழுக்கம். ஸ்வெட்டரோடு ஏறும் பிள்ளை கித்துல்கலயில் வேர்த்து ஊற்றும். நம்ம ஊரில் தாகம் எடுப்பது குறைவு, அதனால் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் குறைவு. கீழே தாகம் வரும்வரை காத்திருக்காமல் மணிக்கொரு தடவை குடிக்கக் கொடுங்கள். தலைவலி, மயக்கம், மூத்திரம் மஞ்சளாகக் குறைந்து போவது எல்லாம் உடம்பு வற்றுகிறதற்கு அடையாளம். ஜீவனி பக்கட் நான்கைந்து பேக்கில் இருக்கட்டும். பிரஷர், சீனி மருந்து எடுப்பவர்கள் அதை மறந்துவிட்டுப் போகாதீர்கள். வளைவில் வாந்தி வரும் பிள்ளையை முன் பக்கம் உட்கார வைத்து, வயிறு முட்டவும் காயவும் விடாமல் ரொட்டித் துண்டு ஏதாவது கொடுத்துக்கொண்டு போங்கள். ரொட்டியும் சம்பலும் முதல் நாள் சாயந்தரமே எல்லாருமாகச் சேர்ந்து செய்யலாம். ஆண்களுக்கும் மாவு பிசைய வரும். மத்தியானச் சாப்பாட்டை அங்கே பார்சல் எடுத்துவிடுங்கள். பல இடங்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடவும் மாட்டார்கள்.

அந்த அக்காவின் கதைக்கு வருவோம். தண்ணீரில் இறங்குவதற்குச் சேலை, டெனிம், நீளப் பாவாடை எல்லாம் சரிப்படாது. சறுக்கில் சிக்கும், தண்ணீரில் காலைச் சுற்றும். முழுக்கை டீசேர்ட்டும் லெகின்ஸும் போட விடுகிறார்களா, உள்ளே வாடகைக்கு உடை கிடைக்குமா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். வெட்கம் இருக்கும்தான். நாலு பெண்கள் சேர்ந்து இறங்கினால் வெட்கம் பாதி குறைந்துவிடும். பேக்குகளுக்கு லொக்கர் எடுங்கள், இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள், அப்பாமாரும் அந்த முறையில் இருக்கவேண்டும். தண்ணீருக்கு வராத பாட்டிக்குப் பார்வையாளர் டிக்கட் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

நம்ம பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இடுப்பளவுத் தண்ணீரே சின்னப் பிள்ளையை மூழ்கடிக்கும், அதுவும் சத்தமில்லாமல். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கவேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு கரையில் அல்ல. குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளும் இருதய வருத்தக்காரர்களும் இராட்டினத்தில் ஏற வேண்டாம். பிள்ளையின் கையில் அப்பாவின் போன் நம்பரைப் பேனையால் எழுதிவிடுங்கள். தவறினால் தமிழ் தெரியாதவர்களும் அதைப் பார்த்து அழைப்பார்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

போகும் வழியில் கித்துல்கலயில் ஆறு கண்ணைக் காட்டும். "ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போவம்" என்று இளைஞர்கள் வேனை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாதீர்கள். 2023 மார்ச்சில் கினிகத்தேனைப் பக்கம் அபர்டீன் நீர்வீழ்ச்சியில் குளிக்கப் போன நான்கு இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். பூங்காவில் பார்த்துக்கொள்ள உயிர்காப்பாளர் இருக்கிறார், ஆற்றில் யார் இருக்கிறார்?

திரும்பி வந்த பிறகு ஒரு விஷயம். கீழ்நாட்டில் டெங்கு நுளம்பு அதிகம், நம்ம குளிரில் அது குறைவு. அதனால் இங்கே காய்ச்சல் வந்தால் நம்ம வீட்டில் முதலில் டெங்கை நினைப்பதில்லை. வந்து இரண்டு கிழமைக்குள் பிள்ளைக்கோ பெரியவருக்கோ காய்ச்சல் வந்தால் பெனடோல் மட்டும் அளவாகக் கொடுங்கள். அஸ்பிரின், புரூபன் மாதிரி நோமருந்துகள் கொடுக்கவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன்பே வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்ந்து கிடத்தல் எதைக் கண்டாலும் உடனே கொண்டுபோங்கள். போனவுடன் "இத்தனையாம் திகதி அவிசாவளைப் பக்கம் போயிட்டு வந்தோம்" என்று டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.