ஏற்றமும் இறக்கமும்

ஓடுபவரை ஓட்டக்காரர் என்றும் நீந்துபவரை நீச்சல்காரர் என்றும் உலகம் பிரித்துச் சொல்லும். ஒருவரே நீந்தி, மிதிவண்டியோட்டி, அதன்பின் கால்களால் ஓடி முடிக்கவேண்டிய போட்டிகளும் உண்டு. இவை பல்விளையாட்டுப் போட்டிகள் எனப்படும். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தது டிரையத்லான். ஓட்டம், மிதிவண்டி, மீண்டும் ஓட்டம் என அமைவது டூயத்லான். ஆறுகள் மிகுந்த மலைநாடுகளில் துடுப்புப் படகும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது கடிகாரம் நிற்பதில்லை. காலணிக் கயிற்றைக் கட்டுவதும் தலைக்கவசத்தை மாட்டுவதும் போட்டி நேரத்திலேயே அடங்கும். ஈரக் கையால் முடிச்சுப் போடத் தடுமாறி இழந்த அரை நிமிடத்தைச் சாலையில் மீட்பது எளிதன்று.

இன்று ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள இவ்விளையாட்டு நண்பர்களின் பொழுதுபோக்காகவே பிறந்தது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் விரிகுடாவின் கரையில் ஓட்டக் கழகத்தார் சிலர் கூடினர். ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹன் என்னும் இருவர் அமைத்த அப்போட்டியில் 46 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர் ஜான் காலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி. பின்னர் ஹவாய்த் தீவுகளில் பணியாற்றியபோது, நீச்சல்காரர், மிதிவண்டிக்காரர், ஓட்டக்காரர் ஆகியோருள் உடல்வலிமை மிக்கவர் யார் என்ற வழக்கு நண்பர்களிடையே எழுந்தது. பேச்சால் தீராத அவ்வழக்கைத் தீர்க்க, தீவில் ஏற்கெனவே நடைபெற்றுவந்த மூன்று நெடும்போட்டிகளின் தொலைவுகளை ஒன்றாக இணைக்கலாம் என்றார் காலின்ஸ். 1978 பிப்ரவரியில் 15 பேர் புறப்பட்டனர்; 12 பேர் முடித்தனர். முன்னணியில் இருந்த ஜான் டன்பாரின் துணைக்குழுவிடம் ஓட்டத்தின்போது குடிநீர் தீர்ந்துபோயிற்று. கார்டன் ஹாலர் அவரைக் கடந்து 11 மணி 46 நிமிடம் 58 நொடியில் முதலாவதாக வந்தார். ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்ந்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில்.

ஹவாயில் போட்டியாளரை வாட்டியவை வெயிலும் காற்றும். மலை குறுக்கிடும்போது போட்டியின் இயல்பே வேறாகிவிடும். அதற்கு நியூசிலாந்தின் 'கோஸ்ட் டு கோஸ்ட்' சிறந்த சான்றாகும். கரையிலிருந்து கரைவரை என்பதே இப்பெயரின் பொருள். ராபின் ஜட்கின்ஸ் என்பவர் 1983இல் தொடங்கிய இப்போட்டியில் முதல் ஆண்டு 79 பேர் பங்கேற்றனர். தெற்குத் தீவின் மேற்குக் கரையிலுள்ள குமாரா கடற்கரையில் விடியுமுன் புறப்படுவோர், தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரைக் கடந்து கிழக்குக் கரையிலுள்ள கிறைஸ்ட்சர்ச் நகரை அடைய வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 243 கிலோமீட்டர். தொடக்கத்தில் இதை இரண்டு நாள்களில் முடித்தனர். 1987 முதல் ஒரே நாளில் முடிக்கும் பிரிவும் உண்டு. தனியாகக் கடக்க இயலாதோர் இருவராகச் சேர்ந்து, ஓட்டம் ஒருவருக்கு, படகு மற்றவருக்கு எனப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இப்போட்டியின் நடுநாயகம் மலையோட்டமே. ஓட்டம் என்று பெயர் இருந்தாலும் அதில் ஓடுவதற்குச் சமநிலம் குறைவு. வீரர்கள் டிசெப்ஷன் என்னும் ஆற்றின் படுகை வழியே, பாறைமீது பாறையாகத் தாவி மேலேறுகின்றனர். குளிர்ந்த நீரை அங்குமிங்குமாகப் பலமுறை கடக்கின்றனர். ஏமாற்று என்று பொருள்படும் பெயரை அவ்வாற்றுக்கு இட்டவர் எவராயினும் இடமறிந்தே இட்டிருக்கிறார் எனலாம். ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்தில் கோட் கணவாய் வருகிறது. அதற்கு அப்பால் மிங்கா ஆற்றை ஒட்டி இறக்கம். பின்னர்ச் சிறிது தொலைவு மிதிவண்டி. அடுத்து வைமகரிரி ஆற்றில் நெடிய படகுப் பயணம். மாவோரி மொழியில் அப்பெயருக்குக் குளிர்ந்த நீர் என்று பொருள். மலையோட்டத்தில் கால்கள் ஓய்ந்த நிலையில், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே கைகளால் உழைக்க வேண்டும். விரைவோட்டமுள்ள நீரில் படகைச் செலுத்தும் திறனுக்குச் சான்றிதழ் பெறாதவர் தனிப்பிரிவில் சேர முடியாது.

மலை ஏன் இவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறது? விடையை ஒரு சிறு கணக்கில் காணலாம். வீரரும் மிதிவண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். 400 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் ஏறத்தாழ 3,14,000 ஜூல் ஆற்றல் செலவாகும். அதாவது 75 கிலோகலோரி. உடலோ தான் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையே மிதியின்மேல் உழைப்பாகத் தருகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. ஆகவே உண்மைச் செலவு 300 கிலோகலோரியை எட்டும். ஐந்தாறு இட்லிகள் அந்த ஏற்றத்திலேயே கரைந்துவிடும். உடன் எடுத்துச்செல்லும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மலை தனியே வரி கேட்கும்.

சமவெளியில் நிலைமை வேறு. அங்கே மிதிவண்டிக்காரரின் பெரும்பகை காற்றின் தடை. முன்னே செல்பவரின் நிழலில் ஒட்டிச் செல்பவர் கணிசமான ஆற்றலைச் சேமிப்பார். இவ்வாறு ஒட்டிச் செல்வதைப் பல போட்டிகள் விதியால் தடுக்கின்றன. செங்குத்தான ஏற்றத்தில் அந்த விதிக்கே வேலையில்லை. வேகம் குறைந்தவுடன் காற்றுத் தடையும் பெரிதும் குறைந்துவிடுவதால், நண்பர் எவ்வளவு வலிமையானவராயினும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து பயனில்லை. அவரவர் எடையை அவரவரே சுமந்தாக வேண்டும்.

ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் ஈட்டிவிடலாம் என்று புதியவர்கள் எண்ணுவர். 10 கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும், அதே தொலைவு இறக்கத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலும் ஒருவர் கடக்கிறார் எனில், அவருடைய சராசரி வேகம் 25 ஆகாது. ஏற 60 நிமிடம், இறங்க 15 நிமிடம். ஆக 20 கிலோமீட்டருக்கு 75 நிமிடம். சராசரி வெறும் 16தான். மெதுவான பகுதியே நேரத்தின் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது. இறக்கத்தில் 40ஐ 50 ஆக்கினாலும் மிச்சமாவது 3 நிமிடமே. அந்த 3 நிமிடத்துக்காக ஏற்கும் ஆபத்தோ பெரிது. வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவையான தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே தேர்ந்தவர்கள் வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்வர். வளைவுக்குள் நுழைந்தபின் பிடிப்பது சறுக்கலுக்கு வழிவகுக்கும்.

காலால் இறங்குவதற்கும் ஒரு விலை உண்டு. மேலேறும்போது தொடையின் முன்தசைகள் சுருங்கி உழைக்கின்றன. கீழிறங்கும்போது அதே தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியுள்ளது. இவ்வகை உழைப்பில் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படும். அதன் வலி உடனே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டில் இறங்கும்போதே முகத்தைச் சுளிக்கவைக்கும். மூச்சு வாங்காமல் இறங்கியவர்கூட மூன்றாம் நாள் நொண்டி நடப்பதற்குக் காரணம் இதுவே. இறக்கத்திலும் பயிற்சி செய்தவருக்கு இத்துன்பம் குறைவு. மலையடிவாரத்தில் வாழ்வோர் இப்போட்டிகளில் பெறும் சிறப்பு நுரையீரலால் மட்டும் வந்ததன்று.

நண்பர்கள் தமக்குள் நடத்தும் சிறு போட்டிகளில் மற்றொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒருவரே வென்றால் மற்றவர்க்கு ஊக்கம் குன்றும். இதற்குப் பல கழகங்கள் கையாளும் முறை ஹேண்டிகேப் எனப்படும் ஈட்டுப் புறப்பாடு. ஒருவர் 115 நிமிடத்திலும், இன்னொருவர் 100 நிமிடத்திலும், மற்றொருவர் 90 நிமிடத்திலும் முடிப்பர் என மதிப்பிட்டால், முதலாமவரைக் காலை 6 மணிக்கும், இரண்டாமவரை 6.15க்கும், மூன்றாமவரை 6.25க்கும் அனுப்புவர். மதிப்பீடு சரியானால் மூவரும் 7.55க்கு ஒன்றாக வந்துசேர வேண்டும். அன்று தன் வழக்கத்தை விஞ்சியவரே வெல்வார். மெதுவானவருக்குத் துரத்தப்படும் அச்சம். விரைவானவருக்குத் துரத்தும் பசி. முந்தைய போட்டியில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, அதிக ஈடு பெற்றுக்கொள்ளும் தந்திரக்காரர்களும் இருப்பர். நேரக் குறிப்பேட்டை வைத்திருப்பவர் அவர்களை நன்கறிவார்.

போட்டிக்கும் நட்புக்கும் இடையே உண்மையான இழுபறி நேர்வது வேறோரிடத்தில். மலைப்பாதையில் உடன் வந்தவர் விழுந்துகிடந்தால், அல்லது ஈர உடையோடு நடுங்கத் தொடங்கினால், என்ன செய்வது? உடல்வெப்பம் குறையத் தொடங்கியவர் முதலில் இழப்பது தெளிந்த எண்ணத்தை. தமக்கு ஆபத்து என்பதையே அவர் உணராதிருக்கலாம். அதனால்தான் கதகதப்பான உடை, மழைச்சட்டை, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றைச் சுமந்தே ஓடவேண்டும் என்று இத்தகைய போட்டிகள் வற்புறுத்துகின்றன. எடையைக் குறைக்க விரும்பும் வீரருக்கு அது சுமையாகத் தோன்றலாம். மேகம் இறங்கியபின் தோன்றாது. காயமுற்றவருக்கு உதவுவது போட்டியாளரின் கடமை என மலையோட்ட விதிகள் கூறுகின்றன. பெருமழையால் ஆறு பெருகினால், கோஸ்ட் டு கோஸ்ட் அமைப்பாளர்கள் கணவாய்ப் பாதையையே கைவிட்டு மாற்றுப் பாதையில் போட்டியை நடத்துவர்.

இவ்விழுபறியை உலகமே கண்ட நாள் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் குன்றுகளில் ஓடி வளர்ந்த அலிஸ்டர் பிரவுன்லீ, ஜானதன் பிரவுன்லீ என்னும் உடன்பிறந்தார் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கமும் வெள்ளியும் வென்றவர்கள். அடுத்த மாதமே மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த உலகத் தொடரின் இறுதிப் போட்டியில், தம்பி ஜானதன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். அதில் வென்றால் உலகப் பட்டமும் அவருக்கே. முடிவுக்குச் சில நூறு மீட்டரே இருந்தபோது வெப்பத்தால் நிலைகுலைந்து தள்ளாடினார். பின்னால் வந்த அலிஸ்டர் தாம் வெல்லும் வாய்ப்பை விடுத்து, தம்பியின் தோளைத் தாங்கி இழுத்துச் சென்று, எல்லைக்கோட்டில் அவரையே முன்னே தள்ளிவிட்டார். அவர்களைக் கடந்துசென்ற தென்னாப்பிரிக்க வீரர் ஹென்றி ஸ்கூமன் வென்றார். உலகப் பட்டம் ஸ்பெயினின் மரியோ மோலாவுக்குச் சென்றது. பிறர் தாங்கி வந்த ஓட்டம் செல்லுமா என்ற எதிர்ப்பு எழுந்தது. நடுவர்கள் தம்பியின் இரண்டாம் இடத்தை மாற்றவில்லை. நேர்மை எது என்பதில் அன்று தோன்றிய கருத்து வேறுபாடு எளிதில் தீர்வதன்று. உதவியை வாழ்த்தியவர்களும், விதி எல்லார்க்கும் ஒன்றே என்றவர்களும், இரு சாராருமே பொருளோடுதான் பேசினர்.

நண்பர்களின் சிறு போட்டியில் உலகப் பட்டமும் இல்லை, நடுவர் குழுவும் இல்லை. கடைசியாக வருபவர் வந்துசேரும்வரை முன்னே வந்தவர்கள் கரையோரம் காத்திருப்பர். அவருடைய நேரமும் குறிப்பேட்டில் ஏறியபின், அடுத்த முறைக்கான ஈட்டுக் கணக்கு அங்கேயே திருத்தப்படும். வென்றவர் இரண்டு நிமிடம் தாமதமாகப் புறப்படுவார். கடைசியாக வந்தவர் இரண்டு நிமிடம் முன்னதாகப் புறப்படுவார்.